முன்வரிசையில் போட்ட தாளம்

எங்கள் மேல்வீட்டில் குடியிருந்த உக்ரைன் நாட்டு இளம்பெண்ணுக்கு, டென்மார்க்கில் நாங்கள் வாழும் வைலே நகரில் முதன்முறையாக ஒரு பெரிய வாத்தியக் குழுவை நடத்தும் வாய்ப்புக் கிடைத்தது. எனக்கும் மனைவிக்கும் முன்வரிசை டிக்கெட் தந்தாள்.

இசை கேட்டுக்கொண்டு கட்டை மாதிரி உட்கார்ந்திருக்க யாழ்ப்பாணத்தானால் முடியுமா? தொடையில் தாளம் போட்டேன்.

"சும்மா இருங்கோப்பா, எல்லாரும் பாக்கினம்!" என்று மனைவி கிள்ளினாள்.

உண்மையில் பார்த்தவர்கள் மேடையில் இருந்த வயலின்காரர்கள். குழுவை நடத்தும் எங்கள் மேல்வீட்டுப் பெண் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். வயலின்காரர்களோ அவளை விட்டுவிட்டு என் கையையே பார்த்து வாசித்தார்கள். உற்சாகத்தில் நான் வேகம் கூட்ட, அவர்களும் கூட்டினார்கள். தாளம் காட்டும் அவளுடைய கோல், பாவம், எங்களைத் துரத்திக்கொண்டு ஓடியது.

அடுத்த கச்சேரிக்கும் மறக்காமல் இரண்டு டிக்கெட் கொண்டுவந்து தந்தாள். மனைவிக்கு முன்வரிசை. எனக்குத் தூணுக்குப் பின்னால்.