கிரகணத்தன்று கேட்காத வானொலி

பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்து முடித்து, அங்கேயே உதவி விரிவுரையாளராக இருந்தேன். வளையச் சூரிய கிரகணம் மன்னாரில் தெரியும் என்றதும் எங்கள் பேராசிரியர் என்னைத் தலைமன்னாருக்குக் கூட்டிப்போனார். வெயில் மங்கும்போது மேல்வளிமண்டலத்தில் மின்னேறிய படை மெலியும். பகலில் எட்டாத தூரத்து வானொலி நிலையங்கள் அப்போது மெல்லக் கேட்கும். அந்த ஒலி கூடிக் குறைவதை அளப்பதுதான் எங்கள் வேலை. சுற்றிலும் எந்த மின் இரைச்சலும் இருக்கக் கூடாது.

பழைய இறங்குதுறைக்குப் பக்கத்தில், ஒரு மீனவக் குடும்பத்தின் வீட்டு வளவில் அன்ரனாக் கம்பியைக் கட்டினோம். கிரகணம் முடியும்வரை படகு எஞ்சின்களை இயக்க வேண்டாமென்று பேராசிரியர் வீடுவீடாகப் போய்க் கேட்டுக்கொண்டார். நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள், மீனவர்களுக்குச் செலவெல்லாம் முடிந்து கை வறண்டிருந்த நேரம். இருந்தும் அந்தக் கரையில் ஒரு படகு எஞ்சின்கூட ஓடவில்லை.

சூரியனின் ஓரம் மறையத் தொடங்கியபோது ஓர் அரசியல்வாதியின் வாகனங்கள் வந்து நின்றன. பின்னால் வந்த லொறியிலிருந்து பந்தல், கதிரைகள், ஒலிபெருக்கி எல்லாம் இறங்கின. ஜெனரேற்றர் உறுமியது. என் காதொலிப்பானில் பொரிகிற சத்தம் மட்டும்தான்.

பேராசிரியரிடம் ஓடினேன். "சேர், அந்த ஜெனரேற்றரை நிப்பாட்டச் சொல்லுங்கோ. ஒண்டும் கேக்குதில்லை."

"சும்மா இரும். அவர் வந்ததே பெரிய விசயம்."

பேராசிரியர் அரசியல்வாதிக்கு மாலை போட்டார். பேச்சைக் கேட்டுக் கைதட்டினார். வானத்தில் வளையம் முழுதாகத் தெரிந்த நேரத்தில் பேராசிரியர் எண்ணெய் வடியும் ரோல்ஸ் பலகாரம் ஒன்றைக் கடித்தபடி அரசியல்வாதியோடு படமெடுக்க நின்றார். அந்த விரல்களைப் பார்க்க எனக்கு அருவருத்தது.

எல்லாரும் போனபின் வீட்டுக்கார அக்கா வந்தார்.

"உங்கட வானொலி கேட்டதோ, தம்பி?"

"இல்லை, அக்கா."

"அப்ப நாங்கள் கடலுக்குப் போயிருக்கலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தேத்தண்ணியும் கொண்டுவந்து தந்தார்.

சில மாதங்களில் கொழும்பில் ஒரு மாநாடு. கிரகணத்தன்று நாங்கள் அளந்ததாகத் திரையில் அழகாக ஏறி இறங்கும் ஒரு கோடு தோன்றியது. கீழே பேராசிரியரின் பெயர், அடுத்ததாக என் பெயர். தேநீர் இடைவேளையில் கேட்டேன்.

"இது எங்கால வந்தது, சேர்?"

"கேட்டிருந்தால் இப்பிடித்தானே இருந்திருக்கும்."

"என்ர பேரை எடுத்துவிடுங்கோ."

"உமக்கு எதிர்காலம் வேண்டாமோ?"

பெயரை எடுப்பித்தேன். ஒப்பந்தம் முடிந்ததும் என்னை அவர்கள் மறுபடி அழைக்கவில்லை. இப்போது மன்னாரில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகம் படிப்பிக்கிறேன். திரையில் கண்ட அந்தக் கோட்டினை இன்னும் யார்யாரோ தங்கள் கட்டுரைகளில் எடுத்துக்காட்டுகிறார்கள்.