சமாதியில் வைத்த பெயர்

என் மகளுக்கு ஏழு மாதம் வரைக்கும் பெயர் இல்லை. ஊசி போடப் போனால் நர்சம்மா பெயர் கேட்பார், "பாப்பா" என்பேன். பென்னாகரத்தில் எங்கள் தெரு நாய்க்குக்கூடப் பெயர் உண்டு. எல்லாம் என் மாமனாரின் பிடிவாதம்.

அவர் பழைய கட்சிக்காரர். அவருடைய மூன்று பிள்ளைகளுக்கும் தலைவர்தான் பெயர் வைத்தார். கூட்டம் நடக்கும் ஊருக்குக் கைக்குழந்தையோடு போய், முண்டியடித்து மேடைப் பக்கம் நீட்டுவார்களாம். தலைவர் வாங்கிக் கொஞ்சிவிட்டு, பெயர் சொல்லித் திருப்பிக் கொடுப்பாராம். என் கணவரின் பெயரும் அப்படி வந்ததுதான். தலைவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாயிற்று. அதனாலென்ன, சமாதிக்குத் தூக்கிக்கொண்டு போவோம், அங்கே நின்றால் பெயர் தானாக மனதில் வந்துவிடும் என்று மாமனார் சாதித்தார். நடுவில் அவருக்கு முட்டிவலி வந்து, பயணம் தள்ளிக்கொண்டே போனது.

என்னிடம் ஒரு பெயர் இருந்தது. என் அம்மாவின் பெயர். நான் முழுகாமல் இருந்தபோது மாரண்டஹள்ளியில் காய்ச்சலென்று படுத்த அம்மா எழுந்திருக்கவேயில்லை. பெண் பிறந்தால் அந்தப் பெயர்தான் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். கணவரிடம் சொன்னேன். அப்பாவிடம் பேசுகிறேன் என்றார். பேசினால்தானே! நானே கேட்டிருக்கலாம். ஆனால் செத்துப்போனவள் பெயரா என்று மாமனார் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்துவிட்டால், அப்புறம் அந்த வீட்டில் எனக்குச் சோறு இறங்காது. வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

மொரப்பூரில் ரயில் ஏறினோம். கணவர் வழக்கம்போல செல்போனுக்குள் தலையை விட்டுக்கொண்டார். மாமனார் குழந்தையை மடியை விட்டு இறக்கவில்லை. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஜோலார்பேட்டையில் அந்த முட்டிவலியோடு அவரே இறங்கிப்போய்ப் பாப்பாவுக்கு வெந்நீர் வாங்கி வந்தார். அதற்கப்புறம் அவர்மேல் ஒழுங்காக எரிச்சல்படக்கூட முடியவில்லை.

சென்னையில் சமாதி இருக்கும் பூங்கா முழுக்க ஜனம். புல்தரையில் புளிசாதம் பிரித்துச் சாப்பிடுகிறவர்கள், செல்ஃபி எடுக்கிறவர்கள். மாமனார் பூங்கா வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுச் சுடுகல்லில் நடந்தார். சமாதிக்கு எதிரே நின்று, பாப்பாவை இரண்டு கையிலும் ஏந்தி முன்னால் நீட்டினார். கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. பின்னால் வந்தவர்கள் நகரச் சொன்னார்கள், காவலாளி விசில் ஊதினார், பாப்பா வீறிட்டாள். அவர் அசையவில்லை. நீட்டிய கையை இறக்கவில்லை. வாங்கிக்கொள்ளத்தான் அங்கே யாருமில்லை. ஐயோ பாவம், மனுஷன் இதற்காகவா இத்தனை மாதம் காத்திருந்தார் என்று நினைத்துக்கொண்டேன்.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "ஒண்ணும் வரல கண்ணு" என்றார்.

பாப்பாவை வாங்கக் கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"அவரு கொழந்தைய கையில வாங்குனா, மொதல்ல ஆத்தாக்காரியத்தான் பாப்பாரு. நீ என்ன பேரு நெனச்சிருக்கம்மான்னு கேப்பாரு. உங்க அத்த மூணு தடவையும் பயத்துல வாயத் தொறக்கல. நீயாச்சும் சொல்லு."

சொன்னேன். யார் பெயர் என்று கேட்டார்.

"எங்கம்மா பேருங்க, மாமா."

மாமனார் பாப்பாவை மார்போடு அணைத்து, அவள் காதில் அந்தப் பெயரைச் சொன்னார். முறைப்படி மூன்று தடவை. காதுக்குள் மெல்லச் சொல்ல வேண்டியதை, சமாதிக்குள்ளும் கேட்கட்டும் என்பதுபோல உரக்கச் சொன்னார். அம்மா போனபின் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அத்தனை பேர் நடுவில் ஓவென்று அழுதுவிட்டேன். பின்னால் நின்ற ஒரு அம்மாள், நான் தலைவருக்காக அழுகிறேன் என்று நினைத்து, தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டே என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.