முப்பது நாள் விசாவும் முப்பத்தோராம் நாள் பூசையும்

யூட் அண்ணா, நான் பிரான்சிலிருந்து வந்திறங்கிய மறுநாள் நீ செத்துப்போனாய். எனது இலவச இலங்கை விசா முப்பது நாள்தான். உன் முப்பத்தோராம் நாள் பூசைக்கு முன்பே முடிகிறது.

நெடுந்தீவு இறங்குதுறையில் நின்று போனில் விசா நீட்டிக்கும் படிவத்தை நிரப்புகிறேன். காரணம் கேட்கிறார்கள். கயிறு சுற்றிக்கொண்டிருக்கும் படகோட்டி அண்ணை எட்டிப் பார்க்கிறார்.

"எங்கடை தீவுக் காட்டுக்குதிரை பாக்க எண்டு போடும் தம்பி. சுற்றுலா விசாவெல்லோ."

"ஒரு மாசமாக் குதிரையே பாக்கிறனெண்டால் நம்புவாங்களோ அண்ணை?"

"யூட் ரெண்டு நாள் முந்திப் போயிருந்தால் உமக்கு இந்த முப்பது நாளே காணும். தன்ரை கலியாணத்துக்கே பிந்தி வந்தவனெல்லோ!"

இருவரும் சிரிக்கிறோம். முந்திப் போயிருந்தால் நான் உன்னை உயிரோடு கண்டிருக்க மாட்டேன்.

"அண்ணாவின் பூசை" என்றே எழுதி அனுப்புகிறேன். பதில் இன்னும் வரவில்லை. வாசிக்கிறவர்களே, நான் பூசைவரை நிற்க முடியாமல் போனால், என் பங்குக்கும் சேர்த்து யூட் அண்ணாவுக்காகச் செபியுங்கள்.