சூளைச் சுவர்ப் பக்கம் கால் நீட்டியவர்

சென்ற மாதம், கல்லூரியில் படிக்கும் என் மகனுக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. அன்றிலிருந்து எனக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. அவன் செருப்பில்லாமல் வாசலுக்குப் போனாலும் கத்திவிடுகிறேன். "ஏம்மா இப்பிடி?" என்று அவன் சலித்துக்கொள்ளும்போதெல்லாம் விருத்தாசலத்துப் பெரியவர் ஒருவரின் பாதம் கண்முன் வருகிறது.

மகன் கைக்குழந்தையாக இருந்த காலம் அது, இரண்டாயிரத்தையொட்டிய வருடங்கள். செராமிக் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். மாடியில் வாடகைக்கு இருந்த நர்ஸ் ஒரு சின்ன அறக்கட்டளையில் வேலை பார்த்தார். வீடில்லாமல் வெளியே கிடப்பவர்களைத் தேடிப்போய்ப் புண்ணுக்குக் கட்டுப்போடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளையைக் கணவரிடம் விட்டுவிட்டு நானும் வெந்நீரைத் தூக்கிக்கொண்டு கூடப் போவேன்.

பொம்மை சுடும் சூளை ஒன்றின் பின்பக்கம் குறுகலான தகரச் சாய்ப்பு இருந்தது. மழைக்காலத்தில் சிலர் அங்கே சுவரின் கதகதப்புக்குக் கால் நீட்டி, நெருக்கி நெருக்கிப் படுத்துக்கொள்வார்கள். நனைந்த களிமண்ணும் புகையும் கலந்த அந்த வாசனை இப்போதும் எனக்குப் பிடிக்கும்.

பெரியவர் அவர்களில் ஒருவர். கம்மாபுரம் பக்கத்தில் விவசாயம் பார்த்தவர். வீடும் போய், மனைவியும் போய், இங்கே வந்து சேர்ந்திருந்தார். சர்க்கரையால் பாதங்களில் உணர்ச்சியே கிடையாது. புண் இன்னும் மோசமானால் காலை எடுக்க வேண்டியதுதான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நர்ஸ் சுத்தம் செய்து கட்டுவார். அடுத்த வாரம் போனால் புதுக் கொப்புளம் இருக்கும். எலி கடிக்கிறது என்று நினைத்தோம். நான் கெட்டித் துணியில் உறை தைத்துக் காலில் மாட்டிவிட்டேன்.

மறுவாரம் உறையின் முனை, இஸ்திரிப் பெட்டியை மறந்து வைத்ததுபோல் பழுப்பேறியிருந்தது. நர்ஸ் சுவரில் கை வைத்துப் பார்த்தார். சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"தாத்தா, ராத்திரி பூரா கால இதுலயா வெச்சிருக்கீங்க?"

"எல்லாருந்தான வெக்கிறாங்க?"

"அவங்களுக்குச் சுட்டா இழுத்துக்குவாங்க. ஒங்களுக்குத்தான் தெரியாதே!"

பக்கத்தில் படுக்கும் அக்கா, பஸ் ஸ்டாண்டில் கூட்டிப் பெருக்குபவர், சிரித்தார். "வுடுங்க சிஸ்டரு. சூளையில வெந்த காலு. இனிமே கீழ போட்டாத்தான் ஒடையும்."

பெரியவரும் சிரித்தார்.

"தலய செவுத்துப் பக்கம் வெச்சிப் படுங்க, போதும்" என்றார் நர்ஸ்.

பெரியவரின் சிரிப்பு நின்றது. "அது வடக்கு."

"இருக்கட்டுமே."

"வடக்க தல வெக்க நான் என்னா பொணமா? வூடு இல்லன்னா மொறையும் இல்லாமப் பூடுமா?"

நர்ஸ் கெஞ்சினார், அதட்டினார். அவர் அசையவில்லை. எங்கள் வீட்டிலும் கட்டிலை அப்படிப் போட மாட்டோம் என்பது எனக்கு நினைவு வந்தது.

தள்ளிப் படுத்தால் தலை மழையில் நனையும். கிழக்கே தலை வைத்து, சுவருக்கு முதுகைக் காட்டி, காலை மட்டும் விலக்கி நீளவாக்கில் படுக்கலாம். அதற்கு மற்றவர்கள் இடம் விட வேண்டும்.

"ஒத்த ஆளுக்கு இம்மாம் எடமா? கல்யாண மண்டபமா இது?" என்று அந்த அக்கா கத்தினார். கத்திக்கொண்டே தன் பாயைச் சாரல் அடிக்கும் ஓரத்துக்கு இழுத்தார். புருஷனையும் எழுப்பினார். "நவுருய்யா. காலு போச்சின்னா அவுர நாமதான் தூக்கிட்டுத் திரியணும்."

அதற்குப் பிறகு புதுக் கொப்புளம் வரவில்லை. தை மாதத்தில் புண் மூடிக்கொண்டது. பெரியவர் கட்டில்லாத காலை எல்லாருக்கும் காட்டினார். நர்ஸின் கண்கள் கலங்கின.

"ஆறிடிச்சில்ல? எங்க எடத்தக் குடுங்க" என்றார் அக்கா.

"புண்ணுதான் ஆறுச்சிக்கா. உணர்ச்சி இன்னும் வர்ல. அடுத்த மழைக்கும் தாத்தா இப்பிடித்தான் படுக்கணும்" என்றார் நர்ஸ்.

அக்கா பெரியவரை மேலும் கீழும் பார்த்தார். "இன்னும் எத்தினி மழைக்குய்யா இருப்ப நீ?"

"ஒன்ன நனய வெக்கிறதுக்காச்சும் இருப்பேன்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டு, ஓரத்தில் ஒழுகும் தகரத்தை அடைக்க ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கப் போனார்.