மெஷின் முத்துவேலின் காது

இந்த முத்துவேலை நான் வெகுநாள் திமிர் பிடித்த மனுஷன் என்றே நினைத்திருந்தேன். எமரால்டு அணைக்குப் போகிற மலை ரோட்டு வளைவில் என் மளிகைக் கடை. மரம் அறுக்கிற மெஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு கடையைத் தாண்டிப் போவார். "ஏனுங்க முத்துவேலு!" என்று பின்னாலிருந்து தொண்டை கிழியக் கத்துவேன். ஒரு பொம்பளை கூப்பிடுகிறாளே என்று திரும்பினால்தானே! மெஷின் தூக்குகிறவருக்கே இத்தனை தலைக்கனம் என்றால் எஸ்டேட் முதலாளிக்கு எத்தனை இருக்க வேண்டும் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தலைக்கனத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. சிலோனிலிருந்து திரும்பி வந்த தேயிலைக் குடும்பம் அவருடையது. அப்பா அம்மா கொழுந்து பறித்தே ஓய்ந்துபோனவர்கள். இவர் மட்டும் சின்ன வயதிலேயே மரம் அறுக்கப் போய்விட்டார். கேத்தியானாலும் குன்னூரானாலும் வீட்டை ஒட்டி ஒரு கற்பூர மரம், தைல மரம் என்பார்களே அது, சாய்ந்து பயமுறுத்தினால், "மெஷின் முத்துவேலக் கூப்பிடுங்க" என்பதுதான் பேச்சு. வந்து மரத்தைச் சுற்றுவார், அண்ணாந்து பார்ப்பார், "இங்க படுக்க வைக்கிறேன்" என்று தரையில் காலால் ஒரு கோடு கிழிப்பார். அந்தக் கோட்டிலேயே படுக்கும். மரம் விழும் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. மரம் அறுக்கிறவர்களுக்கெல்லாம் அது ஆகாத சொல்.

இருபது வருஷத்துக்கு மேல் பக்கத்திலேயே மெஷின் அலறினால் காது என்னத்துக்கு ஆகும்? காதுக்கு மாட்டுகிற மூடி ஒன்று இருக்கிறதாம். இங்கே யார் மாட்டினார்கள்? பஞ்சுகூட அடைத்துக்கொள்ளாமல் அறுத்தவர் இவர். கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு காதும் போய்விட்டிருக்கிறது. மனுஷன் வெளியே மூச்சு விடவில்லை. சொன்னால் மெஷினைப் பிடுங்கிக்கொள்வார்கள். அதைவிட, மெஷின் முத்துவேல் போய் செவிட்டு முத்துவேல் ஆகிவிடுவார். நம் ஜனங்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? அந்த வெட்கத்துக்குப் பயந்து, எதிரே நிற்பவர் வாயசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்ளப் பழகிவிட்டார். நாலு பேர் சிரித்தால், ஒரு நொடி தள்ளி அவரும் சிரிப்பார். இதெல்லாம் பின்னால் யோசித்தபோது தெரிந்தது. அப்போது எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.

அவருக்குத் துணை மோசஸ். முத்துவேல் மரத்தடியில் அறுக்க, மோசஸ் தள்ளி நின்று ஆட்கள் விலகிவிட்டார்களா என்று பார்த்துச் சொல்வான். வாயில் இரண்டு விரலை வைத்து நீளமாக ஒரு விசில் அடித்தால் நிறுத்த வேண்டும். சின்னதாக இரண்டு அடித்தால் அறுக்கலாம். கடைசி வெட்டுக்கு முன்னால் மெஷினை அணைத்துவிட்டு விசிலுக்குக் காத்திருப்பது வழக்கம். மோசஸ் விசிலோடு கையையும் தூக்கிக் காட்டுவான். முத்துவேல் பார்த்ததெல்லாம் அந்தக் கையைத்தான். விசிலைக் கேட்டார் என்று ஊர் நினைத்துக்கொண்டது.

போன ஆடியில் சின்னம்மை வீட்டுக்கு மேலே நின்ற கற்பூர மரத்தை எடுக்க ஒருவழியாக அனுமதி கிடைத்தது. சின்னம்மை எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்ந்தவள், தனிக்கட்டை. காற்றடிக்கிற ராத்திரியெல்லாம் மரம் முனகுகிறது என்று வீட்டுக்கும் ஃபாரஸ்ட் ஆபீசுக்குமாக நடந்து செருப்பைத் தேய்த்தவள். குன்னூர் கான்ட்ராக்டர் லிங்கசாமி வேலையை எடுத்தார். மரத்தின் உச்சிப் பக்கம் கயிறு கட்டி, மறுமுனையை மேல் ரோட்டில் நின்ற பிக்கப் வண்டியில் மாட்டி, வீட்டுக்கு எதிர்ப்பக்கமாக இழுத்துப் படுக்க வைப்பதாக ஏற்பாடு. சின்னம்மையை வெளியே வரச் சொல்லிவிட்டு மோசஸ் அவள் வீட்டருகே நின்றான்.

பாதி அறுத்திருக்கும்போது அணைப் பக்கமிருந்து மிஞ்சு, வெள்ளைப் பனிமூட்டம், ஏறி வந்துவிட்டது. இங்கே மிஞ்சு இறங்கினால் நீட்டின கை தெரியாது. முத்துவேல் மெஷினை அணைத்துவிட்டு நின்றார். மோசஸ் நின்ற இடத்தில் வெறும் வெள்ளைதான் இருந்தது.

லிங்கசாமி கிட்டே வந்து, "என்னங்க நின்னுட்டீங்க? வாய் வெட்டுன மரம், ரொம்ப நேரம் நிக்காது, காத்து வேற. விசில் இருக்குதுல்ல, அப்புறம் என்ன?" என்றார்.

கண் தெரியவில்லை என்று சொல்லலாம். சொன்னால், காது எங்கே போச்சு என்ற கேள்வி வரும். இந்த ஒரு கேள்விக்குப் பயந்து அந்த மனுஷன் தலையை ஆட்டினார். லிங்கசாமி வண்டிக்குத் திரும்பிப் போனார். முத்துவேல் தலையைச் சாய்த்து விசிலைக் கேட்பதுபோல் நின்றார். அவர் காதில் இருந்தது, எப்போதும் இருக்கிற அந்த 'ஙொய்' மட்டும்தான். இந்நேரம் இரண்டு விசில் வந்திருக்கும் என்று அவராக ஒரு கணக்குப் போட்டு, மெஷினைக் கிளப்பிக் கடைசி வெட்டைப் போட்டார்.

அந்த நேரம் பார்த்துச் சின்னம்மை, அடுப்பில் சோறு குழைகிறதே என்று பின்வாசல் வழியாக உள்ளே போயிருக்கிறாள். மோசஸ் கவனித்துவிட்டு நீள விசில் அடித்திருக்கிறான். ரோட்டில் பிக்கப் உறுமிக்கொண்டிருந்ததால் மேலே நின்ற யாருக்கும் அது எட்டவில்லை.

மரம் கோட்டில்தான் படுத்தது. ஆனால் போகிற போக்கில் ஒரு பெரிய கிளை முறிந்து, சின்னம்மையின் சமையல்கட்டைத் தகரத்தோடு நசுக்கிப்போட்டது. கடையிலிருந்த எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. போட்டது போட்டபடி ஓடினேன். சின்னம்மை சமையல்கட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு எட்டு எடுத்து வைத்திருந்தால் முடிந்துபோயிருப்பாள். கூட்டிவந்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். பேச்சே வரவில்லை அவளுக்கு.

லிங்கசாமி மோசஸைப் பிடித்துக்கொண்டார். "உன்னைய எதுக்குடா நிறுத்தி வச்சிருக்கறேன்? விசில் அடிச்சியா இல்லியா?"

"அடிச்சனுங்க."

லிங்கசாமி திரும்பி, "முத்துவேலு, விசில் வந்துச்சா?" என்று கேட்டார்.

முத்துவேல் அவர் வாயைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. "வரல" என்றார்.

மோசஸ் அவரை ஒரு பார்வை பார்த்தான். ஐயோ, அந்தப் பார்வை! பிறகு தரையைப் பார்த்து, "மறந்துட்டன் போலருக்குதுங்க" என்றான்.

"இனி என் வேலைக்கு வராத. எவன் கூப்பிடறான்னும் பாக்கறேன்" என்றார் லிங்கசாமி. வெறும் மிரட்டல் இல்லை அது. விசில் அடிக்க மறந்தவன் என்று பேர் வந்துவிட்டால் இந்த மலையில் எந்த மெஷின்காரர் அவனை நம்பி மரத்தடியில் நிற்பார்? மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவன் எங்கே போவான்?

அப்போதுதான் சின்னம்மைக்கு நாக்கு திரும்பியது. என் கையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"யாருடா விசில் வரலன்னது? எனக்குக் கேட்டுச்சே! அந்தச் சத்தத்துல திடுக்கிட்டுத்தானே அடுப்புக்குப் போகாம நெலையிலயே நின்னேன்! இல்லாட்டி இப்ப என்னையச் சுரண்டியில்ல எடுத்திருப்பீங்க! முத்துவேலு, நீ எங்கூட எஸ்டேட் லயத்து வீட்டுல வளந்த புள்ள. வாயில சோறுதானே திங்கிற?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டாள். எல்லாக் கண்ணும் முத்துவேல் மேல் திரும்பியது. அந்த மலைபோன்ற உடம்பு அங்கேயே சுருங்கிவிட்டது. மெஷினைக் கீழே வைத்தார்.

"எனக்குக் காது கேக்காது" என்றார். சத்தமாகத்தான் சொன்னார், அவர் குரலே அவருக்குத் தெரியாதல்லவா. "ரெண்டு காதும் கேக்காது. மோசஸ் அடிச்சிருப்பான். நான் பொய் சொல்லிட்டேன்."

மோசஸ் முத்துவேலுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, எங்களிடம் என்னவோ சொன்னான். சொல்லிவிட்டு விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டான். நாங்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். முத்துவேலுக்கு அவன் முதுகுதான் தெரிந்தது.

அதன்பிறகு அவர் மெஷினைத் தொடவில்லை. விறகு டிப்போவில் கட்டை அடுக்குகிறார். மோசஸை லிங்கசாமி திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார், வேறொரு மெஷின்காரரோடு போகிறான். எதிரில் மோசஸ் வந்தால் முத்துவேல் சாக்கடையைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடுகிறார். இவர் ஒதுங்குவதைப் பார்த்து அவனும் ஒதுங்குகிறான்.

போன வாரம் மழைக்குக் கடைக்குள் ஒதுங்கினார். வேறு யாரும் இல்லை. டீ கொடுத்தேன். மிஞ்சில் நின்றதையும் விசிலுக்குக் கணக்குப் போட்டதையும் அவராகவே ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியில் கண்ணாடிக் கிளாசைப் பார்த்தபடி கேட்டார்.

"அன்னைக்கு மோசஸ் அந்தப் பக்கம் திரும்பி என்னையத் திட்டினான்ல? என்ன சொல்லித் திட்டினான்னு மட்டும் சொல்லுங்கக்கா. தாங்கிக்குவேன்."

அடப்பாவி மனுஷா, இதைத்தான் இத்தனை நாள் சுமந்துகொண்டு திரிந்தாயா! மேசையைத் தட்டி என் முகத்தைப் பார்க்க வைத்தேன். ஒவ்வொரு சொல்லாக வாயைத் திறந்து சொன்னேன்.

"திட்டலைங்க. 'அவருக்குக் கேக்காதுன்னு எனக்கு எப்பவோ தெரியும். கேட்டா மனசு சங்கடப்படுவார்னு கையத் தூக்கிக் காட்டியே ஓட்டிட்டேன். மிஞ்சு வந்தப்ப நாந்தான் ஓடிப்போய் நிறுத்தியிருக்கோணும். தப்பு என்னுது'ன்னு சொல்லி அழுதானுங்க. அழறது உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னுதான் திரும்பிக்கிட்டான்."

முதல் தடவையே புரிந்துவிட்டது. கிளாசை மேசையில் வைத்துவிட்டார். இருந்தும், "இன்னொருக்காச் சொல்லுங்கக்கா" என்றார். சொன்னேன். "இன்னொருக்கா" என்றார். மறுபடியும் ஆரம்பித்தேன். பாதியில் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்துவிட்டால் அவருக்கு எதுவும் கேட்காது. நான் பேச்சை நிறுத்திவிட்டு, அவர் நிமிரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.