இருபது தடவை சோதித்த பலகை

கொல்கத்தாவில், டாலிகஞ்சில் எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் கார் நின்றதே இல்லை. அங்கே இருப்பது என் மனைவியின் சி.என்.சி. ரவுட்டர். கணினியில் வரைந்து கொடுத்தால் மரத்தில் பூவும் கொடியுமாகச் செதுக்கித் தரும் இயந்திரம். சினிமா ஸ்டூடியோ செட்டுகளுக்கும் துர்கா பூஜோ பந்தல்களுக்கும் அவள் வேலைதான் போகும். வருகிறவர்கள் எல்லோருக்கும் அவள் ‘பௌதி’, அதாவது அண்ணி. நான் பௌதியின் வீட்டுக்காரன், அவ்வளவுதான்.

போன மாசியில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. நடை திரும்பியது, பேச்சு திரும்பியது. வலது கை திரும்பவில்லை. பவானிபூர்க்காரர் ஒருவர் இயந்திரத்தை விலைக்குக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

“பூஜோ வேலைக்கு நான் தனியா நிக்க முடிஞ்சா மெஷின் இங்கயே இருக்கட்டும். இல்லேன்னா அவருக்கே குடுத்துடலாம். பக்கத்துல ஒரு ஆள் நின்னு பிடிச்சுக் குடுக்கிற பொழப்பு எனக்கு வேண்டாம்” என்றாள்.

நான் அரசு அலுவலகத்தில் வரைபடம் போட்டே தலை நரைத்தவன். விடுவேனா? ஸ்பாயில்போர்டையே புதிதாக வடிவமைக்க உட்கார்ந்தேன். செதுக்கும் மரத்துக்கு அடியில் கிடந்து, செதுக்கும் முனையான பிட் மரத்தைத் தாண்டி இறங்கினால் அந்த வெட்டைத் தான் வாங்கிக்கொள்ளும் பலிகடாப் பலகை அது. முன்பெல்லாம் மரத்தை அதில் நேராகத் திருகாணி போட்டு முடுக்கிவிடுவாள். நான் ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு துளை போட்டேன். நட்டுகளை அடிப்பக்கமாகப் புதைத்தேன். மேலே இருந்தால் பலகையைச் சீவிச் சமமாக்கும்போது பிட் இரும்பில் மோதும். நீளமோ குட்டையோ வட்டமோ, எந்த மரம் வந்தாலும் அதை மேலிருந்து அமுக்கும் இரும்புப் பிடியான கிளாம்பை நகர்த்திப் பிடித்துக்கொள்ளலாம். ஸ்பேனர் கூட வேண்டாம், விரலால் சுற்றும் குமிழ் போதும். ஒவ்வொரு கிளாம்பையும் இருபது தடவை போட்டுக் கழற்றிப் பார்த்தேன். பிரமாதம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆவணியில் ஒரு காலை, வளைவாக அறுத்த ஒரு பலகையை அவள் அதில் வைத்தாள். கிளாம்பைப் பொருத்திக் குமிழைச் சுற்றினாள். கிளாம்ப் சுழன்றது, கூடவே மரமும் நகர்ந்தது. முழங்கையால் அழுத்திப் பார்த்தாள். கிளாம்பின் பின்முனைக்கு, அதன் வாலுக்கு, முட்டுக் கொடுத்த கட்டை சரிந்தது. குனிந்து மோவாயால் அழுத்தினாள். எனக்குத் தாங்கவில்லை, கை நீட்டினேன்.

“தொடாதீங்க.”

நின்றேன். நான்காவது தடவை கிளாம்ப் தரையில் விழுந்தபோதுதான் உறைத்தது. குமிழைச் சுற்ற ஒரு கை வேண்டும், வாலைத் தாங்க இன்னொரு கை வேண்டும். இருபது தடவையும் என் வலது கை சுற்றியது, இடது கை தாங்கியிருக்கிறது. அது தாங்கிக்கொண்டிருந்ததே எனக்குத் தெரியாது. என்னைப் போல ஒரு மடையன் உண்டா!

அவள் மாடிக்குப் போனாள். நான் வலது கையை வேட்டி இடுப்புக்குள் செருகிக்கொண்டு, இடது கையால் மட்டும் ஒரு கிளாம்பையாவது முடுக்கிவிடப் பார்த்தேன். அரை மணி நேரம் ஆகியிருக்கும். சட்டை நனைந்ததுதான் மிச்சம். நிமிர்ந்தால் வாசலில் அவள் நிற்கிறாள்.

“ரெண்டு நாள் குடு, வேற மாதிரி பண்ணிடறேன்” என்றேன்.

“முதல்ல அந்தக் கையை வெளியில எடுங்க. உங்களால எடுக்க முடியுது இல்ல?”

எடுத்தேன். அந்தக் கையாலேயே பவானிபூர்க்காரருக்கு போன் போடச் சொன்னாள். போட்டேன்.