நின்ற இடத்தில் நின்ற ஓரக்

என் அக்காள் கணவர் ஓரக் பிடித்த பிடியை விடாத மனிதர். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று யாராவது சொன்னால் அவருக்கு மூக்கு சிவந்துவிடும். காஸ்பியன் கடலின் வடகரையில் எங்கள் ஊர் விருந்துகளில் குதிரைக்கறித் தட்டு வந்ததுமே அந்தப் பேச்சைக் கிளப்புவது நான்தான். அக்காள் கணவரைச் சீண்டுவது எங்களில் மச்சினனின் உரிமை.

அந்த பிப்ரவரியில் குதிரை பூட்டிய சறுக்குவண்டியில் நானும் அவரும் உறைந்த கடல்மேல் மீன்பிடிக்கப் போயிருந்தோம். மதியம் காற்று திசைமாறி, கரையிலிருந்து கடலை நோக்கி அடித்தது.

"அத்தான், கிளம்பலாம். பனி பிச்சுக்கிட்டுப் போயிடும்."

அவர் தேநீர்க் கிண்ணத்தைப் பனிமேல் வைத்தார். "ஒரு சொட்டு அலம்புதா பாரு. குதிரை அங்கயேதான் நிக்குது, வண்டி அங்கயேதான். எதுடா போகுது? உங்க பூமி மாதிரியா?"

"எல்லாம் ஒரே பனிமேலதானே இருக்கு! சேர்ந்து போனா எப்படித் தெரியும்?"

"வந்துட்டாரு வாத்தியாரு."

ஆத்திரத்தில் கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி, மீன்பிடிக்கப் பனியில் வெட்டியிருந்த குழியில் இறக்கினேன். குண்டு கடலடியைத் தொட்டது. கயிறு நேராக நின்றது. அத்தான் சிரித்தார். பிறகு கயிறு மெல்லக் கரைப்பக்கம் சாய்ந்தது. குண்டு கிடந்த இடத்திலேயே கிடக்க, கயிறு சாய்ந்துகொண்டே போனது.

"மீனை விடு," என்றார். "வண்டில ஏறு!"

பனி பிளந்த இடத்துக்கு வந்தபோது நடுவே ஓர் ஆள் நீளத்துக்குக் கறுப்புத் தண்ணீர். குதிரை மிரண்டு பின்வாங்கியது. அத்தான் அதை அவிழ்த்துவிட்டு, சறுக்குவண்டியைக் குறுக்கே தள்ளிப் பாலமாக்கினார்.

"ஓடுடா!"

"நீங்க முதல்ல!"

"உங்க அக்காகிட்ட யாரு திட்டு வாங்குறது? ஓடு!"

ஓடினேன். திரும்புவதற்குள் வண்டி வழுக்கித் தண்ணீரில் விழுந்தது. இடைவெளி இரண்டு மடங்காகியிருந்தது. நான் கரையோடு ஒட்டிய பனியில் மண்டியிட்டுக் கத்தினேன். "குதிங்க அத்தான்!"

அவர் தண்ணீரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "நான் நின்ன இடத்துலதான்டா நிக்கிறேன். நீதான் தள்ளிப் போற!"

"ஆமா அத்தான், நான்தான் போறேன்!" என்று கத்திவிட்டு ஊரைப் பார்த்து ஓடினேன்.

மறுநாள்தான் ஹெலிகாப்டர் வந்தது. விமானி வரைபடத்தை நீட்டி, அவரை எங்கே விட்டாய் என்று கேட்டார். விட்ட இடத்தைத் தொட்டேன். அது பொய் என்று தெரிந்து விரலைத் தெற்கே நகர்த்தினேன். எவ்வளவு நகர்த்துவதென்று தெரியவில்லை.

"ஒரு இடத்தைச் சொல்லுப்பா," என்றார் அவர்.

குத்துமதிப்பாக ஓர் இடத்தில் விரலை வைத்தேன். அங்கே தேடினார்கள். அங்கே பனியே இல்லை.